ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு

கலிபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855 என்று ஒரு பிரிவு இருக்கிறது. படித்தால் கொட்டாவி வரும். தன் உழைப்பைத் தருவதாக ஒருவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை, வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு மேல் அவர் தலையில் கட்ட முடியாது என்பதுதான் சாரம். ஹாலிவுட் வக்கீல்களும் ஏஜென்டுகளும் அதை எண் சொல்லி அழைப்பதில்லை. 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்பார்கள். சட்டசபையில் அதைக் கொண்டுவந்தவரின் பெயரோ, தீர்ப்பெழுதிய நீதிபதியின் பெயரோ அதற்கு ஒட்டவில்லை. 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனியாக வந்தாரே, தன் கணவன்மேல் கண் வைத்தவளைக்கூட ஒரு வார்த்தை கடிந்து பேசாத பெண், அந்த வேஷத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டின் பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டம் அவர் கேட்டு வந்ததில்லை. அவர் பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேர் ஊன்றியாயிற்று. புத்தகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படிதான் கிடந்தது. ஸ்டூடியோ வக்கீல்களுக்குத் தெரியும். நடிகர்களின் ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் யாரும் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசிவரை நிற்கவில்லை. ஏன் என்று புரிய, அன்றைய ஹாலிவுட் ஒப்பந்தம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

பேச்சுவழக்கில் அது 'ஏழாண்டு ஒப்பந்தம்'. கட்டுப்பாடு ஒரு பக்கம்தான். நடிகர் ஏழு ஆண்டுக்குக் கட்டுப்பட்டவர். ஸ்டூடியோ ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ மட்டும் கட்டுப்பட்டது. ஒவ்வொரு தவணை முடிவிலும் வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா என்று ஸ்டூடியோ முடிவு செய்யும். நடிகர் "போதும், நான் கிளம்புகிறேன்" என்று சொல்ல இடமில்லை. எந்தக் கதை, எந்த வேஷம், யார் இயக்குநர், எதிலும் அவருக்கு வாயில்லை. பெயரை மாற்றுவார்கள், பல்லைச் சீராக்குவார்கள், தலைமுடியின் நிறத்தை முடிவு செய்வார்கள். வேறு கம்பெனி கேட்டால் ஆளை இரவல் கொடுப்பார்கள். இரவலுக்கு வாங்கும் தொகை நடிகரின் வாரச் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் ஸ்டூடியோவின் கல்லாவுக்கு. வட்டிக்கடைக்காரர்கூடத் தன்னிடம் வந்த நகையை இப்படி வாடகைக்கு விட்டிருக்க மாட்டார்.

இத்தனைக்கும் மேலே சஸ்பென்ஷன் என்று ஒன்று. ஒரு வேஷம் பிடிக்கவில்லை, மாட்டேன் என்றால் அன்றோடு சம்பளம் நின்றது. எவ்வளவு காலம்? அந்த வேஷத்தை வேறொருவரைப் போட்டு எடுத்து முடிக்கிற வரைக்கும் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அதோடு தீராது. சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்த அத்தனை வாரமும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்ந்துகொள்ளும். பத்து வாரம் மறுத்தால் ஏழு ஆண்டு, ஏழு ஆண்டும் பத்து வாரமும் ஆகும். அந்தப் பத்து வாரத்துக்குள் வரும் வேஷத்தையும் மறுத்தால் இன்னும் நீளும். முரண்டு பிடிக்கிற நடிகருக்கு விடுதலை நாளே வராமல் பார்த்துக்கொள்ள முடியும். சம்பளத்தை நிறுத்துவது வயிற்றில் அடிப்பது. நாளைக் கூட்டுவது நம்பிக்கையில் அடிப்பது. இரண்டாவதுதான் ஆளை உடைத்தது என்று நினைக்கிறேன். பெரிய நட்சத்திரங்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு மொக்கைக் கதைகளில் நடித்துத் தீர்த்தது இந்தக் கணக்குக்குப் பயந்துதான்.

ஒலிவியா 1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அப்பா வால்டர் அங்கே காப்புரிமை வக்கீல்; அம்மா லிலியன் மேடையில் பழகியவர், மகளுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரையே வைத்தார். அடுத்த ஆண்டு தங்கை ஜோன் பிறந்தார். டி ஹாவிலண்ட் என்ற குடும்பப் பெயர் நமக்கு வேறு வழியில் பழக்கம். 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஓட்டி வந்த அவருடைய முதல் விமானத் தபால் சேவை, டி ஹாவிலண்ட் கம்பெனியின் பஸ் மாத் விமானத்தில் நடந்தது. அந்தக் கம்பெனியை நிறுவிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஒலிவியாவுக்குப் பங்காளி வழி உறவு. 

1919இல் அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்து, சாரடோகா என்ற சிற்றூரில் தங்கினார். அப்பா ஜப்பானுக்கே திரும்பிப் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஃபான்டெய்ன் கண்டிப்பான மனிதர். பள்ளி நாடகத்தில் நடிப்பதா, இந்த வீட்டில் இருப்பதா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று அவர் கேட்டார். பெண் நாடகத்தைத் தேர்ந்துகொண்டு, குடும்ப நண்பர் வீட்டுக்குப் போய்விட்டது. பின்னாளில் அவருக்கு ஸ்டூடியோ முதலாளியாக வாய்த்த ஜாக் வார்னருக்கு யாராவது இந்தச் சேதியைச் சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்.

1934இல் ஆஸ்திரிய நாடக மேதை மேக்ஸ் ரைன்ஹார்ட், ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் பெரிய அளவில் போட்டார். ஹெர்மியா வேஷம் க்ளோரியா ஸ்டூவர்ட்டுக்கு. (அறுபது ஆண்டுக்குப் பின் 'டைட்டானிக்' படத்தில் கிழவி ரோஸாக வந்த அதே க்ளோரியா ஸ்டூவர்ட்தான்.) அவருக்கு முடியாமல் போனால் ஏறுவதற்கு ஒருவர், அவருக்கும் முடியாமல் போனால் ஏறுவதற்கு ஒலிவியா. முதல் இருவரும் சினிமா வேலைக்காக விலக, பதினெட்டு வயதுப் பெண் மேடையேறிவிட்டார். ஆங்கில ஆசிரியை ஆவதற்காகக் கல்லூரியில் சேர இருந்தவர். அந்த நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் படமாக எடுக்க முன்வந்தபோது அவரையும் சேர்த்து எழுதிக்கொண்டது. முதல் ஒப்பந்தம் ஐந்தாண்டு, வாரம் 200 டாலர். 1936 ஏப்ரலில் அதை மாற்றி ஏழாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். வாரம் 500 டாலரில் ஆரம்பம். அமலுக்கு வந்த நாள் 1936 மே 5. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்னர் பிரதர்ஸ் ஆண்களின் கோட்டை. ஜேம்ஸ் காக்னி, எட்வர்ட் ஜி. ராபின்சன், எரால் ஃப்ளின், பின்னால் ஹம்ஃப்ரி போகார்ட். பெண்களில் பெட்டி டேவிஸ் ஒருவர்தான் கதையைத் தன் தோளில் தூக்கியவர். ஒலிவியாவுக்குக் கிடைத்தது கதாநாயகனின் காதலி வேலை. 1935இல் 'கேப்டன் பிளட்' ஓடிய ஓட்டத்தில் ஃப்ளினும் இவரும் ஜோடி என்று ஆகிவிட்டது. மொத்தம் எட்டுப் படங்கள். 1938இல் வந்த 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' இன்றும் அலுக்காது. அதில் அவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறார், அந்தப் பட்டு உடைகள் வண்ணத்தில் ஜொலிக்கின்றன. நாயகன் வாள் சுழற்றும்போது மாடத்தில் நின்று பதறுவதும், கடைசியில் கைப்பிடிப்பதும் தவிர வேலை குறைவு. நடிக்கத் தெரிந்த ஒருவருக்கு இது நாளாவட்டத்தில் நோய் மாதிரி.

'கான் வித் த விண்ட்' தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை மெலனி வேஷத்துக்குக் கேட்டார். ஜாக் வார்னர் இரவல் தர மறுத்தார். ஒலிவியா வாதாடிப் பார்த்தார், பலனில்லை. பிறகு முதலாளியை விட்டுவிட்டு முதலாளியின் மனைவி ஆன் வார்னருக்கு ஃபோன் போட்டார். பெவர்லி ஹில்ஸில் பிரவுன் டெர்பி உணவகத்தில் தேநீர் குடிக்க அழைத்து, விஷயத்தைச் சொல்லி, உதவ வேண்டும் என்று கேட்டார். சில நாளில் வார்னர் இறங்கி வந்தார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை ஒரு படத்துக்கு எடுக்கச் செல்ஸ்னிக்கிடம் இருந்த உரிமையை வாங்கிக்கொண்டு ஒலிவியாவைக் கொடுத்தார். பண்டமாற்று என்பது இதில் உவமை இல்லை, நடைமுறை. 1941இல் 'ஹோல்ட் பேக் த டான்' படத்துக்காகப் பாரமவுண்ட் கேட்டபோதும் ஃப்ரெட் மெக்மரியை எடுத்துக்கொண்டுதான் இவரை விட்டார்கள்.

இந்த இரண்டு இரவல் படங்களும் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தன. முதல் தடவை அதே படத்தில் நடித்த ஹேட்டி மெக்டேனியல் துணை நடிகை விருதைப் பெற்றார்; ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். இரண்டாம் தடவை சொந்தத் தங்கை. ஜோன் ஃபான்டெய்ன் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்த ஜோன், 'சஸ்பிஷன்' படத்துக்காக அக்காவைத் தோற்கடித்தார். சகோதரிகளின் சண்டை பற்றி மஞ்சள் பத்திரிகைகள் ஒரு நூலகமே எழுதியிருக்கின்றன. நமக்கு அது வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. ஒலிவியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த வேஷங்கள் வெளியே கிடைத்தவை. சொந்த வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி மாடம், பட்டு உடை, பதற்றம். அவர் மறுக்க ஆரம்பித்தார். மறுக்க மறுக்க சஸ்பென்ஷன். 1943இல் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு மாதம் ஒப்பந்தத்தின் வாலில் தொங்கியது.

அவருக்கு முன்னால் முட்டிப் பார்த்தவர்கள் உண்டு. காக்னி 1936இல் வார்னர்மேல் தாவா போட்டு ஜெயித்தார். விளம்பரத்தில் தன் பெயரை முதலில் போடவில்லை, பேசியதற்கு மேல் படம் எடுத்தார்கள் என்பது அவர் குறை. அவருடைய காகிதத்தில் இருந்த ஓட்டையில் அவர் வெளியே வந்தார். அடுத்தவருக்கு அந்த ஓட்டை உதவவில்லை. அதே ஆண்டு பெட்டி டேவிஸ் வேறொரு கம்பெனிக்காக இங்கிலாந்தில் படம் பண்ணப் போனார். வார்னர் லண்டனுக்கே துரத்திப் போய்த் தடை உத்தரவு கேட்டது. இந்த ஒப்பந்தம் அடிமை முறி என்று டேவிஸின் தரப்பு வாதித்தது. எதிர்த்தரப்பில் பேசிய சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ், கூடுதல் பணம் கேட்டு அடம்பிடிக்கும் குறும்புப் பெண் என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிட்டார். வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற அடிமையை எந்த நீதிபதி நம்புவார்? டேவிஸ் தோற்றார். அவருடைய கணவர் வீட்டுப் பெயரால் 'வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்' என்று சட்டப் புத்தகத்தில் ஏறிய அந்த வழக்கு, இந்தியாவில் ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்களுக்கும் பழக்கமானது.

இப்போது அந்தப் பழைய சட்டத்துக்கு வருவோம். டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வக்கீல் உரிமையியல் சட்டம் முழுவதையும் ஒரே தொகுப்பாக எழுதி வைத்திருந்தார். அவருடைய சொந்த மாநிலம் அதை ஏற்கவே இல்லை. தொலைவில் இருந்த கலிபோர்னியா அதைத் தழுவி 1872இல் தன் உரிமையியல் சட்டத் தொகுப்பை ஆக்கிக்கொண்டது. அதே 1872இல் நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் வந்தது. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற அதன் 27ஆம் பிரிவு ஃபீல்டின் வரைவிலிருந்து எடுத்ததுதான். கலிபோர்னியாவின் 1872 தொகுப்பில் இன்னொரு விதியும் இருந்தது. கூலிக்கு உழைப்பதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் உழைப்பவர்மீது செலுத்தக் கூடாது. காரணம் எளிது: ஆளை ஆள் ஆயுளுக்கும் கட்டிப்போடும் வழி ஒன்று காகிதத்தின் வழியாக நுழைந்துவிடக் கூடாது.

பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா வந்தது. 1919இல் இரண்டு, ஐந்து ஆனது. 1931இல் தனித்திறமை கொண்டு செய்யும் சேவைகளுக்கு ஐந்து, ஏழு ஆனது. 1937இல் இந்த விதி தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கு இடம் மாறி 2855 என்ற எண்ணைப் பெற்றது. இப்படி உச்சவரம்பை உயர்த்தியதில் தொழிலுக்குத்தான் லாபம். ஏழாண்டு ஒப்பந்தம் என்ற வடிவமே அதன் அளவுக்குத் தைத்த சட்டை. ஆனால் ஏழு என்று வரையறுத்தபோது, எந்த ஏழு என்று யாரும் கேட்கவில்லை. நாள்காட்டியில் ஓடும் ஏழா, கேமரா முன் நின்ற ஏழா? ஸ்டூடியோக்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டன. வேலை செய்யாத நாள் கணக்கில் வராது என்பது அவர்கள் கணக்கு.

மார்ட்டின் கேங் என்ற வக்கீல் ஒலிவியாவுக்கு இந்தப் பிரிவைக் காட்டினார். ஒலிவியா அதைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், படித்தார். சட்டம் தெரியாதவருக்கு ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதான். அதற்குமேல் அதில் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று அவருக்குப் பட்டது. 1936 மே 5இல் தொடங்கியது 1943 மே 5இல் முடிந்தது. அவ்வளவுதானே?

1943 ஆகஸ்டில் தாவா தாக்கலானது. பெட்டி டேவிஸ் செய்ததுபோல் ஒப்பந்தமே கொடுமை என்று அவர் சொல்லவில்லை. நஷ்டஈடு கேட்கவில்லை. அந்தக் காகிதத்துக்கு உயிர் போய்விட்டது என்று அறிவித்தால் போதும் என்று கேட்டார். இந்தச் சின்னக் கோரிக்கைதான் கேங்கின் சாமர்த்தியம். பெரிதாகக் கேட்டிருந்தால் எதிர்த்தரப்பு 'கொழுத்த சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தின் அடம்' என்று சொல்லித் தப்பித்திருக்கும். நாள்காட்டியை எடுத்து மேசைமேல் வைத்தவரிடம் என்ன சொல்வது?

சொல்லிப் பார்த்தார்கள். சாட்சிக் கூண்டில் ஸ்டூடியோ வக்கீல் அவரைக் கோபப்படுத்தப் பார்த்தார். இன்ன தேதியில், இன்ன படத்துக்கு ஷூட்டிங் வர மறுத்தீர்கள், உண்மையா இல்லையா என்று அதட்டினார். நிதானம் தவறக் கூடாது என்று தன் வக்கீல் சொல்லியனுப்பியதை ஒலிவியா மறக்கவில்லை. மறுக்கவில்லை ஐயா, வேண்டாம் என்று பணிவாகத் தெரிவித்தேன் என்கிற தோரணையில் பதில் சொன்னார். மெலனியின் குரலில் பேசிக்கொண்டே கத்தியைச் செருகத் தெரிந்தவர்.

1944 மார்ச்சில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. வார்னர் மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்குள் ஜாக் வார்னர் வேறொரு வேலையும் செய்திருந்தார். இந்தப் பெண் எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறாள், யாரும் வேலை தரக் கூடாது என்று ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் எழுதிப்போட்டார். அனுப்பிய கடிதங்கள் நூற்றைம்பது என்று ஒலிவியா பின்னாளில் சொல்வதுண்டு. வழக்கு தோற்றாலும் ஜெயித்தாலும் நடுவில் ஆளைப் பட்டினி போடலாமே என்ற கணக்கு. இரண்டு ஆண்டுக்கு மேல் அவர் கேமரா முன் நிற்கவில்லை. வயது இருபத்தேழு, இருபத்தெட்டு. நடிகையின் தொழிலில் தங்கம் விளையும் காலம். வக்கீல் செலவு பதின்மூவாயிரம் டாலர் கைக்காசு.

நடிக்க முடியாத அந்தக் காலத்தை அவர் படைவீரர்களோடு கழித்தார். வடக்கே பனியில் உறைந்த அலூஷியன் தீவுகளின் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார். பிறகு தென் பசிபிக். பாடவும் ஆடவும் தெரியாத தான் போய் என்ன செய்வது என்று முதலில் தயங்கியவர், கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்து பேசுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். ஃபிஜித் தீவில் நிமோனியா கண்டு, சுவாவில் இருந்த மருத்துவமனையில் அவரே நோயாளியாகப் படுத்தார். உடம்பு பாதியாக இளைத்தது.

1944 டிசம்பர் 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி கிளெமென்ட் ஷின். அதை இன்று படித்தாலும் சுவை குறையவில்லை. வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலுரிக்கிறது. ஏழு ஆண்டு என்பதற்கு வேலை பார்த்த ஏழு ஆண்டு என்று பொருள் கொள்ளலாம் என்றது வார்னர். சட்டம் 'வேலை தொடங்கியதிலிருந்து' என்று சொல்கிறது, தொடங்கிய நாளிலிருந்து எண்ணத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். இடைவெளிகளைக் கழித்து எண்ண ஆரம்பித்தால் ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் அந்த ஏழுக்குள் அடக்கிவிடலாமே? சரி, நீட்டிப்புக்கு அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றது வார்னர். இதுதான் வலுவான வாதம். தனக்குக் கிடைத்த சலுகையை ஒருவர் தானே விட்டுக்கொடுத்தால் யார் கேட்பது? அதற்கும் நீதிமன்றம் வழிவிடவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைக் கூலிக்காரர் எழுதிக்கொடுத்து விலக்கிவிட முடியாது அல்லவா, அதே கதைதான் இதுவும். இது ஒருவருக்குக் கொடுத்த சலுகையாக இருந்தால் விட்டுக்கொடுக்கலாம். பொதுநலத்துக்காகப் போட்ட வரம்பைத் தனி ஒப்பந்தம் தாண்ட முடியாது. அனுபவமும் திறமையும் கூடக்கூட ஒருவர் தன் மதிப்புக்கேற்ற இடத்தைத் தேடிப் போக நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், அதற்காகவே இந்த வரம்பு என்று காரணத்தையும் எழுதியது.

இந்தக் காரணம்தான் ஒரு நடிகையின் வழக்கை எல்லாருடைய வழக்காகவும் ஆக்கியது. காக்னி தன் ஒப்பந்தத்தில் இருந்த குறையால் வெளியே வந்தார். ஒலிவியா வந்த வழியில் யார் வேண்டுமானாலும் வரலாம். 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு வார்னருக்கு வழி அடைபட்டது. போர் முடிந்து நடிகர்கள் சீருடையைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள். படையில் கழித்த வருடங்களை ஒப்பந்தத்தில் கூட்டிக்கொள்ள ஸ்டூடியோக்களுக்கு ஆசை இருக்காதா? ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் எம்ஜிஎம் ஒப்பந்தம் அவர் குண்டுவீச்சு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோதே காலாவதியாகியிருந்தது. அவர் சுதந்திரமாக வெளியே வந்தார். ஒரு காலத்தில் ஒலிவியாவுக்கு மாற்றுப் பண்டமாகக் கைமாறியவர் அவர் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இனி அவருடைய சொந்தக் கணக்கு. வார்னரிடம் கடைசியாக நடித்து அலமாரியில் கிடந்த 'டிவோஷன்' 1946இல் வெளிவந்தபோது விளம்பரத்தில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. அது ஜாக் வார்னரின் பிரிவுபசாரம் போலும். அதே ஆண்டு பாரமவுண்டின் 'டு ஈச் ஹிஸ் ஓன்' வந்தது. மணமாகாமல் பெற்ற பிள்ளையை ஊருக்குப் பயந்து விட்டுக்கொடுத்து, பின்னால் நடுவயதுக்காரியாக அவனைத் தூரத்திலிருந்து பார்க்கும் தாய். கதை கொஞ்சம் கண்ணீர்ப் பானைதான். நடிப்பு அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் படத்துக்கு முதல் ஆஸ்கர். 1948இல் 'த ஸ்னேக் பிட்'. மனநல மருத்துவமனையில் நெரிசலுக்கு நடுவே தான் யார் என்று தேடும் பெண். முகப்பூச்சு இல்லாமல், தலை கலைந்து, பயந்த கண்ணோடு அவர் நிற்பதைப் பார்க்கும்போது, மாடத்தில் நின்று பதறியவரும் இவரும் ஒருவர்தானா என்று தோன்றும். வார்னரின் ஏழாண்டில் இந்த முகத்தைக் காட்ட யார் விட்டிருப்பார்கள்?

1949இல் வில்லியம் வைலரின் 'தி ஏர்ஸ்'. என் கணக்கில் அவர் நடித்ததில் இதுதான் உச்சம். அழகில்லாத, சாமர்த்தியமில்லாத பணக்காரப் பெண் கேத்தரின் ஸ்லோப்பர். காதலித்தவன் வந்து அழைத்துப் போவான் என்று பெட்டியோடு இரவெல்லாம் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. விடியும் நேரத்தில் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அந்தக் காட்சியை வைலர் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தி வரவில்லை; காலிப் பெட்டியில் கனம் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு வேண்டிய நடை கிடைத்தது என்று சொல்வார்கள். ஆண்டுகள் கழித்து அந்தக் காதலன் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது கேத்தரின் கையில் விளக்கோடு அவசரமில்லாமல் மேலே ஏறிப்போகிறாள். தட்டல் நிற்கவே இல்லை. இரண்டாவது ஆஸ்கர் இந்தப் படத்துக்கு. இரண்டு விருதும் வழக்குக்குப் பிந்தியவை, இரண்டும் பாரமவுண்ட் படத்துக்கு.

மற்றதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1950களில் பாரிஸுக்குக் குடிபோய் அங்கேயே தங்கிவிட்டார். 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஆனார். நூறு வயது தாண்டிய பிறகும் நீதிமன்றத்தை விடவில்லை. 2017இல் 'ஃப்யூட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் தன்னை அனுமதியில்லாமல் ஒரு பாத்திரமாக்கியதற்காக எஃப்எக்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். அந்தத் தொடரில் அவராக நடித்தவர் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். அந்த வழக்கில் ஒலிவியா தோற்றார். உண்மை மனிதர்களைக் கலையில் சித்திரிக்க அனுமதி தேவையில்லை என்று 2018இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தத் தடவை நீதிமன்றம் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. 2020 ஜூலை 26 அன்று பாரிஸில், 104 வயதில் காலமானார்.

அவருடைய பெயரைத் தாங்கிய சட்டம் சினிமாவில் வேலையை முடித்துக்கொண்டு இசைக்குப் போயிற்று. ஸ்டூடியோ முறை உடைந்த பிறகு நடிகர்கள் படத்துக்குப் படம் ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். ஏழாண்டுக் கவலை அவர்களுக்குக் குறைந்தது. பாடகர்களுக்கு அப்படி இல்லை. ரெக்கார்ட் கம்பெனிகள் ஆண்டுக் கணக்கில் எழுதாமல் இத்தனை ஆல்பம் என்று எழுதின. ஆல்பம் எப்போது வரும், கம்பெனி எப்போது வெளியிடும் என்பது யார் கையில் இருக்கிறது? 1979இல் எம்சிஏ கம்பெனிக்கும் பாடகி ஒலிவியா நியூட்டன் ஜானுக்கும் நடந்த வழக்கிலும் ஒப்பந்தக் காலத்தை எவ்வளவு இழுக்கலாம் என்பதே கேள்வி. இன்னொரு ஒலிவியா, தற்செயல்தான். காலத்தை இழுக்கும் விஷயத்தில் அந்த வழக்கும் கம்பெனிகளுக்குச் சாதகமாக முடியவில்லை.

கம்பெனிகள் சட்டசபைக்குப் போயின. 1987இல் 2855க்கு ஓர் உட்பிரிவு சேர்ந்தது. ஏழு ஆண்டு முடிந்து இசைக்கலைஞர் கிளம்பலாம். ஆனால் கொடுக்க வேண்டிய ஆல்பங்கள் பாக்கி இருந்தால் அவற்றுக்குக் கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். கதவு திறந்திருக்கிறது, வாசலில் பில் நீட்டுகிறார்கள். 2008இல் 'தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்' இசைக்குழு ஏழு ஆண்டு ஆயிற்று, போகிறோம் என்றபோது அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான ஈஎம்ஐ தரப்பு கேட்ட தொகை மூன்று கோடி டாலர். குழுவின் பாடகர் ஜேரட் லெட்டோ டி ஹாவிலண்ட் வழக்கைச் சொல்லித்தான் எதிர்த்து நின்றார். கடைசியில் சமரசமாகி அதே கம்பெனியோடு புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நடிகருக்கும் பாடகருக்கும் ஒரே விதி வேண்டும், அந்த உட்பிரிவை எடுத்துவிடுங்கள் என்று 2021லும் 2022லும் கலிபோர்னியா சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டும் நிறைவேறவில்லை.